ஒகேனக்கல் ஆற்றில் மீன்குஞ்சு விடலாமா?

கேள்வி: முன்பு போல் காவிரியில் மீன் கிடைப்பதில்லை. ஊர் இளைஞர்கள் பணம் திரட்டி, கட்லா, ரோகு குஞ்சுகளை வாங்கி ஒகேனக்கல் பக்கம் ஆற்றில் விடலாம் என்று இருக்கிறோம். அமெரிக்காவில் சால்மன், ட்ரவுட் குஞ்சுகளை லாரியில் கொண்டுவந்து ஆற்றில் விடும் வீடியோவைப் பார்த்துதான் இந்த யோசனை வந்தது. எத்தனை குஞ்சு வாங்க வேண்டும், எப்படி விட வேண்டும்?
- வாசகர், பென்னாகரம் வட்டம்

பதில்: ஆற்றில் விடாதீர்கள். அந்தப் பணத்தை உங்கள் ஊர் ஏரிக்குச் செலவிடுங்கள். உங்கள் அக்கறை நியாயமானது என்பதால் காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் பார்த்த வீடியோவுக்குப் பின்னால் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, பிறந்த ஓடையின் வாசனையைப் பிடித்துக்கொண்டே முட்டையிடத் திரும்பும் மீன். குறுக்கே அணைகள் வந்ததும் வழி அடைபட்டது. அதை ஈடுகட்டத்தான் அங்கே முட்டையைப் பொரித்துக் குஞ்சு வளர்க்கும் பொரிப்பகங்கள் பலவற்றைக் கட்டினார்கள். நம் காவிரிக்கும் இது நேர்ந்ததுதான். கடலிலிருந்து ஏறி வந்த உல்லம் மீன், 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் அதற்கு மேலே வர முடியாமல் போனது.

பொரிப்பகம் அந்த இழப்பை முழுதாகச் சரிசெய்யவில்லை. தொட்டியில் வேளாவேளைக்குத் தீவனம் தின்று வளரும் குஞ்சுக்கு எதிரியைக் கண்டு ஒளியத் தெரியாது. தப்பிப் பிழைத்தவை காட்டு மீனோடு, அதாவது ஆற்றில் இயல்பாகப் பிறந்த மீனோடு, இனம் சேர்ந்தால், அந்த ஆற்றுக்கென்றே அமைந்த குணம் தலைமுறைக்குத் தலைமுறை நீர்த்துப்போகிறது. அதனால்தான் பல இடங்களில் பொரிப்பகச் சால்மனின் முதுகில் வாலை ஒட்டியிருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்பை வெட்டி விடுகிறார்கள். பிடிபட்டதும் எது காட்டு மீன் என்று தெரிந்துவிடும். மொன்டானா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போனது. மேடிசன் ஆற்றில் செய்த ஆய்வில், ட்ரவுட் விடுவதை நிறுத்திய பகுதியில் காட்டு ட்ரவுட் பெருகியது தெரிந்ததும், காட்டு மீன் வாழும் ஆறுகளில் பண்ணை மீன் விடுவதையே 1974இல் நிறுத்திவிட்டது. (ட்ரவுட் நமக்குச் சரிப்படுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். நீலகிரி அவலாஞ்சியில் 1907 முதல் ட்ரவுட் பொரிப்பகம் இருக்கிறது. ஆனால் அதற்கு 20 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த நீர் வேண்டும். தர்மபுரியில் நடக்காது.)

நம் ஆற்றில் நடந்ததைப் பாருங்கள். மஹ்சீர் என்பது கெண்டை இனத்துப் பெரிய ஆற்று மீன். அதில் 50 கிலோவுக்கு மேல் வளரக்கூடிய திமில் மஹ்சீர் காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. மஹ்சீரைக் காக்கும் நல்லெண்ணத்தோடுதான், மகாராஷ்டிராவின் லோனாவாலா பொரிப்பகத்திலிருந்து நீலத்துடுப்பு மஹ்சீர் குஞ்சுகளைக் கொண்டுவந்து காவிரியில் விட்டார்கள். இன்று, வெளியிலிருந்து வந்த அந்த மீன் பெருகிவிட்டது. சொந்த மீன் அழிவின் விளிம்பில் நிற்கிறது. மீன் பிடிக்க வெடிக்கும் தோட்டா, கலக்கும் விஷம், அணைகள், மணல் கொள்ளை எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் வெளிக் குஞ்சை விட்டது பெரிய பிழை என்பதே என் கருத்து. கட்லாவும் ரோகுவும் காவிரியின் மீன்களே அல்ல. வாங்கும் குஞ்சில் ஆப்பிரிக்கக் கெளுத்தியோ திலேப்பியாவோ கலந்திருந்தால், ஆற்றுக்குள் போனபின் திரும்பப் பிடிக்கவே முடியாது.

ஆற்றில் குஞ்சு விடவே கூடாது என்று சொல்லவில்லை. அந்த ஆற்றிலேயே பிடித்த தாய்மீனிலிருந்து பொரித்த சேல் கெண்டை, கல்பாசு போன்ற நாட்டின மீன்களை மீன்வளத்துறை மூலம் விடலாம். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி காவிரிக்கரைக் காடுகளில் ஒரு பகுதி 2022இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாகிவிட்டது. எனவே வனத்துறையையும் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள். அதைவிட உடனே பலன் தருவது, கோடையில் மீன்கள் ஒதுங்கும் மடுக்களில் தோட்டாவும் சிறுகண் வலையும் விழாமல் ஊர்க்கட்டுப்பாடு போடுவது. ஒரு மடுவில் தப்பும் தாய்மீன்கள் அடுத்த வெள்ளத்தில் இடும் முட்டைகளுக்கு நீங்கள் வாங்கும் குஞ்சுகள் ஈடாகாது.

இனி ஏரிக்கு வருவோம். குத்தகை யாரிடம் இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பொரித்துச் சில நாளே ஆன நுண்மீன் குஞ்சு விலை மலிவு என்று அதை வாங்கி நேரே ஏரியில் விட்டால், விராலுக்கும் நீர்க்காகத்துக்கும் இரையாகிவிடும். விரல் நீளம் வளர்ந்த விரலிகளாகவே வாங்குங்கள். தீவனம் போட்டு வளர்க்கும் குட்டையில் ஹெக்டேருக்கு 5,000 முதல் 10,000 வரை விடுவார்கள். தீவனம் போடாத ஏரிக்கு அதில் பாதிக்கும் குறைவாகவே போதும். கட்லா நான்கு பங்கு, ரோகு மூன்று, மிர்கால் மூன்று. கிருஷ்ணகிரி அணையில் உள்ள அரசு மீன் பண்ணையில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஆக்சிஜன் அடைத்த பையில் குஞ்சு வரும். கட்டுவதற்கு முந்தைய நாள் தீவனத்தை நிறுத்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் கழிவில் பைத்தண்ணீர் கெட்டுவிடும். காலையிலோ மாலையிலோ, வெயில் தாழ்ந்த நேரத்தில், பையை அவிழ்க்காமல் ஏரி நீரில் 20 நிமிடம் மிதக்க விடுங்கள். பிறகு வாயைத் திறந்து ஏரி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஊற்றி, பையைச் சாய்த்துப் பிடியுங்கள். கவிழ்த்துக் கொட்டாதீர்கள், குஞ்சுகள் தாமாகவே நீந்தி வெளியேறட்டும். ஏதாவது ஒரு பையில் உள்ளவற்றை மட்டும் தனியே ஒரு நைலான் வலைக்கூண்டில் மறுநாள் வரை வைத்து எண்ணுங்கள். பாதி செத்திருந்தால் பண்ணைக்கு உடனே தகவல் சொல்லுங்கள்.