பறக்கும் கார் வாங்கி தினமும் ஓட்டலாமா? கேள்வி பதில்

சொந்த உபயோகத்துக்குப் பறக்கும் கார் சரிப்படுமா என்று உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, விமானப் பொறியியல் அறிந்த ஓர் உறுப்பினர் தந்த பதில்கள்.

பைபாஸ் ரைடர்: பறக்கும் கார் வந்தாச்சு வந்தாச்சு என்று வருஷக்கணக்காக வீடியோ சுற்றுகிறது. உண்மையில் என்னதான் வந்திருக்கிறது?

பதில்: மூன்று வேறு வேறு வண்டிகளை ஒரே பெயரில் கூப்பிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

முதலாவது, சாலையில் ஓடக்கூடிய விமானம். ஸ்லோவாக்கியாவின் ஸ்டெஃபான் க்ளைன் உருவாக்கிய ஏர்கார் இந்த ரகம். 1.6 லிட்டர் பி.எம்.டபிள்யூ பெட்ரோல் எஞ்சின். 2021 ஜூன் 28-ல் நித்ராவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு 35 நிமிடத்தில் பறந்து, இறக்கையை மடக்கிக்கொண்டு ஊருக்குள் ஓடியது. 2022 ஜனவரியில் அந்த நாட்டின் பறப்புத் தகுதிச் சான்றிதழும் பெற்றது. ஏறவும் இறங்கவும் இதற்கு ஓடுதளம் வேண்டும்.

இரண்டாவது, நெதர்லாந்தின் பால்-வி லிபர்ட்டி. இது ஜைரோகாப்டர். மேலே இருக்கும் ரோட்டரை, அதாவது சுழலும் விசிறியை, பறக்கும்போது எஞ்சின் சுற்றுவதில்லை, எதிர்க்காற்றிலேயே அது சுழலும். இறங்க 30 மீட்டர் போதும், ஏற 180 முதல் 330 மீட்டர் வரை ஓட வேண்டும்.

மூன்றாவது, நின்ற இடத்திலிருந்தே எழும்புகிற பெரிய ட்ரோன். சீனாவின் ஈஹாங் 216-எஸ், ஒருவர் மட்டும் உட்காரும் ஜெட்சன் ஒன் எல்லாம் இதில் சேரும். இவற்றில் பெரும்பாலானவை சாலையில் ஓடவே ஓடாது. வீட்டு வாசலில் ஏறி ஆபீஸ் வாசலில் இறங்குவது என்ற ஆசையை இந்த மூன்றில் ஒன்றுமே நிறைவேற்றவில்லை. முதல் இரண்டுக்கும் ஓடுதளம் தடை, மூன்றாவதுக்கு பேட்டரி தடை.

ஏரோ மாணவன்: சார், பேட்டரி எப்படித் தடை என்று கணக்காகவே சொல்லுங்களேன்.

பதில்: இரண்டு பேரோடு சேர்த்து மொத்த எடை 600 கிலோ, 1.5 மீட்டர் விட்டமுள்ள எட்டு ரோட்டர் என்று வைத்துக்கொள்வோம். எட்டும் சேர்ந்து வீசும் பரப்பு சுமார் 14 சதுர மீட்டர். அந்தரத்தில் நிற்கத் தேவையான குறைந்தபட்சத் திறன், எடையின் ஒன்றரை அடுக்கை, காற்றடர்த்தியையும் பரப்பையும் பெருக்கி இரட்டித்ததன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும். எடையை நியூட்டனில் போடுங்கள். விடை 77 கிலோவாட். ரோட்டர், மோட்டார், கன்ட்ரோலர் இழப்பெல்லாம் சேர்ந்தால் பேட்டரியிலிருந்து 120 கிலோவாட் உருவப்படும். ஒரு சாதாரண கார் சமதளத்தில் 60 கி.மீ. வேகத்தில் போக 5, 6 கிலோவாட் போதும்.

பேட்டரிக்கு 200 கிலோ ஒதுக்குங்கள். பெட்டி, குளிரூட்டல் எல்லாம் சேர்த்து கிலோவுக்கு 180 வாட் மணி என்றால் மொத்தம் 36 யூனிட். 120 கிலோவாட்டில் அது 18 நிமிடம். கடைசி 20 சதவீதத்தைத் தொடக் கூடாது. சார்ஜ் இறங்க இறங்க வோல்டேஜ் தொங்கும், அதே திறனுக்கு கரண்ட் கூடும், செல் சூடாகும். இதெல்லாம் நடப்பது சரியாகத் தரையிறங்கும் நேரத்தில். ஆக மிஞ்சுவது 14 நிமிடம். முன்னோக்கிப் பறக்கும்போது செலவு கொஞ்சம் குறையும். பேட்டரி பழசானால் அந்த லாபமும் போய்விடும்.

இப்போது சட்டத்தைப் பாருங்கள். அமெரிக்க விதிப்படி பகலில் கண்பார்வையை நம்பிப் பறக்கும் ஹெலிகாப்டர், சேருமிடம் போன பிறகும் 20 நிமிடம் பறக்க எரிபொருள் வைத்திருக்க வேண்டும். மொத்தமே 14 நிமிடம் உள்ள வண்டியில் 20 நிமிட இருப்பை எங்கே வைப்பது?

ரோட்டரைப் பெரிதாக்கினால் திறன் தேவை குறையும். ஏறக்குறைய இதே எடையுள்ள ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டரின் ரோட்டர் விட்டம் 7.7 மீட்டர், பரப்பு 46 சதுர மீட்டர். மேலே சொன்ன குறைந்தபட்சத் திறன் அதற்கு 45 கிலோவாட்தான். ஆனால் 7.7 மீட்டர் ரோட்டரை எந்தத் தெருவில் நிறுத்துவீர்கள்? காரின் அகலத்துக்குள் அடக்க நினைத்தால் மின்சாரம் தின்னும், மின்சாரத்தை மிச்சம் பிடித்தால் தெருவில் நுழையாது. வடிவமைப்பாளரின் சாமர்த்தியத்தால் இதைத் தாண்ட முடியாது, இயற்பியல் அப்படி.

சக்கரம்: பேட்டரியை விட்டுவிட்டு பெட்ரோலிலேயே ஓட்டலாமே?

பதில்: நேரம் கிடைக்கும். ஒரு கிலோ பெட்ரோலில் 12 யூனிட் சக்தி இருக்கிறது. எஞ்சின் நஷ்டம் போக 3 யூனிட் கைக்கு வந்தாலும், பேட்டரியைப் போல் 15 மடங்குக்கு மேல். ஏர்கார், பால்-வி இரண்டும் பெட்ரோலில் ஓடுவது அதனால்தான். ஆனால் சத்தமும் பராமரிப்பும் கூடவே வரும். ரோட்டர் கீழே தள்ளும் காற்றும் குறையாது, அது அடுத்த கேள்வியில் வரும்.

மாடிவீடு: எங்கள் அபார்ட்மென்ட் மொட்டை மாடி நல்ல விசாலம். அங்கே இறக்க முடியுமா?

பதில்: தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். மேலே போட்ட அதே வண்டியில் ரோட்டர் தளத்தில் காற்று கீழ்நோக்கி மணிக்கு 47 கி.மீ. வேகத்தில் போகும். கீழே இறங்க இறங்க அது இரு மடங்கை, அதாவது 90 கி.மீ.யை நெருங்கும். தரையில் மோதியதும் நாலாபுறமும் பாயும். மணிக்கு 62 கி.மீ. தாண்டினாலே வானிலை ஆய்வு மையம் அதைப் புயல் என்று வகைப்படுத்துகிறது. கொடியில் காயும் துணி, சின்டெக்ஸ் டேங்க் மூடி, சோலார் பேனல், தகர ஷீட் எதுவும் நிற்காது. பறக்கும் துணி ரோட்டரில் சிக்கினால் முடிந்தது கதை.

மாடிக் கைப்பிடிச் சுவரில் மோதும் காற்று திரும்பி வந்து ரோட்டருக்குள்ளேயே போவதும் உண்டு. அப்போது ஒரு பக்கம் தூக்குவிசை குறைந்து வண்டி சாயும். இன்னொரு ஆபத்து, நேர்கீழாக வேகமாக இறங்குவது. தான் தள்ளிவிட்ட காற்றுக்குள் ரோட்டரே மாட்டிக்கொள்ளும். பவரைக் கூட்டக் கூட்ட இன்னும் வேகமாக விழும். ஹெலிகாப்டர் பைலட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்து தப்பிக்கப் பயிற்சி எடுப்பார்கள். நாலு பக்கமும் வீடுள்ள மாடியில் நகர இடம் ஏது?

தாரகை: எட்டு மோட்டாரில் ஒன்று நின்றாலும் மற்றவை தாங்கும்தானே? பாராசூட்டும் இருக்கிறதே, அண்ணா?

பதில்: தாங்கும், ஆனால் விலை கொடுத்துத்தான். ஒரு மோட்டார் நின்றால் சமநிலைக்காக எதிர்ப்பக்க மோட்டாரையும் குறைக்க வேண்டும். மீதி ஆறும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விசை தர வேண்டும். அதற்கான திறன் ஒன்றரை மடங்குக்கு மேல். எனவே எல்லா மோட்டாரையும் வயரையும் அந்தப் பெரிய அளவுக்கே போட வேண்டும், எடை ஏறும். மோட்டாரை விடக் கவலை தருவது எட்டுக்கும் பொதுவாக இருப்பவை: பேட்டரி, மென்பொருள், உயரமானி. பேட்டரியைத் தனித்தனிப் பெட்டியாகப் பிரித்து, ஒன்றின் தீ மற்றதைத் தொடாதபடி தடுப்பு வைக்காத வண்டியில் ஏறவே ஏறாதீர்கள், தங்கச்சி.

பாராசூட் உயரத்தில்தான் உதவும். சிர்ரஸ் சிறு விமானத்தின் பாராசூட் விரிந்து பிடிக்கவே 400 முதல் 600 அடி உயர இழப்பு ஆகும். ஏறும்போதும் இறங்கும்போதும் 50, 100 அடியில் இருக்கும் வண்டிக்கு அது போதாது. ஹெலிகாப்டருக்கு எஞ்சின் நின்றால் கனமான ரோட்டரின் சுழற்சியை வைத்தே இறங்கலாம். சின்ன ரோட்டருக்கு அந்த வசதி கிடையாது. மூன்று வகையில் எஞ்சின் நின்றால் மிக நிதானமாக இறங்கக்கூடியது ஜைரோகாப்டர்தான். அதைப் பற்றித்தான் எல்லோரும் குறைவாகப் பேசுகிறார்கள்.

நகரத்தின் மேல் பயணிகளைக் கூலிக்கு ஏற்றிப் பறக்கும் மின்வண்டிகளுக்கு ஐரோப்பிய ஒழுங்குமுறை கேட்கும் அளவு, உயிர்ச்சேதம் விளைவிக்கும் கோளாறு 100 கோடி பறப்பு மணி நேரத்துக்கு ஒன்று என்பது. பயணிகள் விமானத்துக்கும் இதே அளவுகோல்தான். வருஷக்கணக்கில் சோதனை இழுப்பதற்கு அதுதான் காரணம்.

ஒர்க்‌ஷாப்காரர்: சாலையில் ஓடும் விமானத்தைப் பராமரிப்பது எப்படி இருக்கும்? சின்ன டிங்கரிங் வேலையெல்லாம் நாங்களே பார்க்கலாமா?

பதில்: முடியாது. பார்க்கிங்கில் பைக் ஒன்று லேசாக உரசியது என்று வையுங்கள். காரில் அது பட்டி, பெயின்ட்டோடு முடியும். கார்பன் ஃபைபர் உடம்பில் மேலே கீறல்கூடத் தெரியாது, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். நாணயத்தால் தட்டிப் பார்த்தால் நல்ல இடத்தில் கணீரென்றும் பிரிந்த இடத்தில் மொத்தையாகவும் சத்தம் வரும். உரிமம் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர் சோதித்துக் கையெழுத்துப் போடும் வரை அது பறக்கக் கூடாது. இறக்கை மடங்கும் கீல், பூட்டு ஊசி, அதன் உணரி மூன்றையும் ஒவ்வொரு தடவையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சாலைத் தூசியும் உப்பும் அங்கேதான் அடையும்.

எடைப் போராட்டம் இன்னொரு தலைவலி. காருக்குப் பம்பர், ஏர்பேக், மோதல் தாங்கும் சட்டம் வேண்டும், விமானத்துக்கு அதெல்லாம் சுமை. டெராஃபுஜியா நிறுவனம் உருவாக்கிய, சாலையில் ஓடும் விமானமான ட்ரான்சிஷனுக்கு 2010-ல் அமெரிக்க விமானத் துறை இதற்காகவே 110 பவுண்டு எடைச் சலுகை தந்தது. மறு வருஷம் சாலைத் துறை டயரிலும் கண்ணாடியிலும் விலக்கு தந்தது. பறவை மோதினால் சிலந்திவலையாய் விரிந்து பார்வையை மறைக்கும் என்பதால் லேமினேட் கண்ணாடிக்குப் பதில் பாலிகார்பனேட் போட்டார்கள். ஃபோர்டு பின்டோ காரில் செஸ்னா சிறு விமானத்தின் இறக்கையைப் பொருத்திய ஏ.வி.இ. மைசார் என்ற வண்டி, 1973-ல் இறக்கைத் தாங்கி கழன்று விழுந்தது, அதை உருவாக்கிய இருவரும் இறந்தார்கள். இணைப்பு இடங்களைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

நெல்லைக்காரன்: டிரைவிங் லைசென்ஸ் போதுமா? ட்ரோன் சான்றிதழ் வைத்திருக்கிறேன், அது உதவுமா? தானாகவே பறக்கும் என்கிறார்களே.

பதில்: போதாது, உதவாது. 2021-ன் ட்ரோன் விதிகள் ஆளில்லா வண்டிகளுக்கு மட்டும். ஏர்காரைப் போன்றதை ஓட்டத் தனியார் பைலட் உரிமம் வேண்டும். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் அதற்குக் குறைந்தது 40 மணி நேரப் பறப்புப் பயிற்சி, மருத்துவப் பரிசோதனை, தேர்வுகள் உண்டு. அமெரிக்காவில் ஆளை ஏற்றிக்கொண்டு போக வேண்டுமானால் முந்தைய 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும்.

உரிமமே கேட்காத பிரிவும் அமெரிக்காவில் இருக்கிறது. வெற்று எடை 254 பவுண்டுக்குக் கீழ், ஒருவர் மட்டும், பகலில் மட்டும், ஜனநெரிசல் பகுதிக்கு மேல் கூடவே கூடாது. ஜெட்சன் ஒன் இந்த வழியில்தான் விற்பனைக்கு வருகிறது. வயல்வெளியில் பறக்க அருமையான வண்டி. வேலைக்குப் போவது நகரத்துக்கு என்பதால் ஆபீஸுக்கு அது ஆகாது.

தானியங்கியில் முன்னால் இருப்பது ஈஹாங். பைலட் இல்லாத இரு இருக்கை வண்டிக்கு 2023 அக்டோபரில் சீனாவின் வகைச் சான்றிதழ், அதாவது அந்த மாடலின் வடிவமைப்புக்கான அரசு ஒப்புதல், பெற்றது. ஆனால் அது குறித்த பாதையில், தரையிலிருந்து கண்காணிக்கப்பட்டு பறக்கிறது. நீங்கள் வாங்கி நினைத்த இடத்துக்கு ஓட்டுவது வேறு.

பைபாஸ் ரைடர்: நேரமாவது மிச்சமாகுமா?

பதில்: நித்ரா–பிராட்டிஸ்லாவா பயணத்தையே எடுங்கள். காரில் நெடுஞ்சாலையில் சுமார் ஒரு மணி நேரம். பறந்தது 35 நிமிடம். அதோடு விமான நிலையம் வரை ஓட்டுவது, பறப்புக்கு முந்தைய சோதனை 15 நிமிடம், வானிலையும் அனுமதியும், இறக்கை மடக்க 2 நிமிடத்துக்கு மேல், பிறகு ஊருக்குள் நெரிசல். மிச்சம் இல்லை. தூரம் 250, 300 கி.மீ. ஆனால் லாபம் தெரியும், ஆனால் அதை யாரும் தினமும் போவதில்லை. பார்வைத் தெளிவு 5 கி.மீ.க்குக் கீழ் போனால் சாதாரண உரிமத்தோடு பறக்கவும் கூடாது. மார்கழிக் காலையில் காரை எடுப்பதா, பறப்பதா என்ற கேள்வியே எழாது.

தாரகை: அப்படியானால் இந்தத் தொழில்நுட்பமே வீணா?

பதில்: இல்லவே இல்லை. இறக்கை இருந்தால் கணக்கே மாறும். அதே 600 கிலோ, மணிக்கு 150 கி.மீ., காற்று பின்னுக்கு இழுக்கும் விசையைப் போல் பத்து மடங்கு தூக்குவிசை என்று போடுங்கள். 33 கிலோவாட் போதும், அந்தரத்தில் நிற்பதில் கால் பங்குதான். ஏறி இறங்க 2 நிமிடம், 20 நிமிட இருப்பு எல்லாம் கழித்தும் 60 கி.மீ. போகலாம். நிலையான இரண்டு தளம், பயிற்சி பெற்ற பைலட், நாளுக்குப் பல நடை என்றால் இது ஓடும். சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த இ-பிளேன் நிறுவனம் 2025-ல் 788 ஏர் ஆம்புலன்சுகளுக்கு ஒப்பந்தம் போட்டது இந்தத் திசையில்தான். ஆஸ்பத்திரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே 40 கி.மீ.யை 16 நிமிடத்தில் கடந்தால் உயிர் பிழைக்கும். என்னைக் கேட்டால் முதல் வண்டிகள் அங்கேதான் போக வேண்டும்.

சக்கரம்: அட்வான்ஸ் கட்டலாமா என்று யோசிக்கிறேன். என்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதலில், என்ன சான்றிதழ் என்று கேளுங்கள். அமெரிக்காவின் ஆலெஃப் மாடல் ஏ என்ற பறக்கும் காருக்கு 2023-ல் கிடைத்தது ஆராய்ச்சிக்கும் காட்சிக்குமான சிறப்புச் சான்றிதழ். விற்பனைக்கு வேண்டியது வகைச் சான்றிதழ், இரண்டும் வேறு. அதன் அறிவிக்கப்பட்ட விலை 3 லட்சம் டாலர், சாலையில் மணிக்கு 25 மைல் வேகத்தில்தான் ஓடும் என்று அவர்களே சொல்கிறார்கள். அடுத்து, அறிவித்த தூரம் இருப்பு கழித்ததா கழிக்காததா, எத்தனை பேர் எடையோடு, எத்தனை டிகிரி வெயிலில் என்று எழுத்தில் வாங்குங்கள். பேட்டரி எத்தனை சார்ஜுக்குப் பிறகு மாற்றப்பட வேண்டும், மாற்ற எவ்வளவு என்பதையும். பணம் திரும்பக் கிடைக்கும் என்றால் அது தனிக் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும் முதலீடு திரட்டிய மின்பறப்பு நிறுவனங்களான லிலியம் 2024 அக்டோபரிலும் வோலோகாப்டர் அதே வருஷம் டிசம்பரிலும் திவால் மனு கொடுத்தன. கம்பெனியின் பொதுக் கணக்கில் போன பணத்துக்கு அந்த நிலையில் நீங்கள் கடைசி வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.