பழைய புரொஜெக்டருக்கு லாம்ப் தேடுகிறீர்களா? பெட்டியைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் பல்பைக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டு புரொஜெக்டருக்கு எட்டு வயது. படம் மங்கிவிட்டது, லாம்பை மாற்றச் சொல்லி திரையில் செய்தியும் வருகிறது. அந்த மாடலை கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது. இணையத்தில் தேடினால் ஒரே லாம்புக்கு ஐந்தாறு விலை, குறைந்ததற்கும் கூடியதற்கும் நான்கு மடங்கு வித்தியாசம், ஆனால் எல்லாவற்றிலும் ‘ஒரிஜினல்’ என்றுதான் போட்டிருக்கிறது. எதை நம்பி வாங்குவது? இல்லை, பேசாமல் புது புரொஜெக்டரே வாங்கிவிடலாமா?

பதில்: வாங்குவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள், கோளாறு லாம்பில்தானா? படம் முழுக்க ஒரே சீராக மங்கி, லேசாகப் பழுப்பேறியிருந்தால் பெரும்பாலும் லாம்ப்தான். ஒரு மூலையில் மட்டும் மஞ்சளாகவோ நீலமாகவோ திட்டுத் திட்டாகத் தெரிந்தால், எல்சிடி வகை புரொஜெக்டரில் உள்ளே படத்தை உருவாக்கும் பேனலோ, ஒளியை வடிகட்டும் தகடான போலரைசரோ வெந்துபோயிருக்கிறது. டிஎல்பி வகையில் (நுண்ணிய கண்ணாடிகள் பதித்த சிப்பால் படம் காட்டுவது) திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் மின்னினால் அது சிப் கோளாறு. இந்த இரண்டுக்கும் புது லாம்ப் போட்டுப் பயனில்லை, அந்தக் காசைப் புது கருவிக்கே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் காற்று ஃபில்டரையும் கழற்றிப் பாருங்கள். தூசி அடைத்திருந்தால் சூடேறி எந்த லாம்பும் சீக்கிரம் போகும், புதியதும் சேர்த்துத்தான்.

சரி, லாம்ப்தான் என்று முடிவாகிவிட்டது. நாம் லாம்ப் என்று சொல்வது உண்மையில் இரண்டு பொருள்கள். வெளியே பிளாஸ்டிக் கூடு, அதாவது ஹவுசிங். உள்ளே பிரதிபலிப்பானோடு சேர்ந்த பல்பு. கூட்டை யார் வேண்டுமானாலும் செய்யலாம். பல்பு அப்படியில்லை. 1995-ல் பிலிப்ஸ் கொண்டுவந்த யுஹெச்பி என்ற பாதரச விளக்கும் அதே வழியில் மற்றவர்கள் செய்தவையும்தான் இந்த புரொஜெக்டர்களில் இருப்பவை. எரியும்போது அந்தச் சின்ன குவார்ட்ஸ் குமிழுக்குள் அழுத்தம் சுமார் 200 வளிமண்டலம், கார் டயரில் இருப்பதைப் போல் நூறு மடங்கு அளவுக்கு. இரண்டு மின்முனைகளுக்கும் நடுவில் இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். அந்த இடைவெளி கொஞ்சம் கூடினாலும் ஒளிப்புள்ளி பெரிதாகி, லென்ஸுக்குள் போகும் வெளிச்சம் குறையும். அதனால்தான் மலிவு நகல்கள் சரியாகப் பொருந்துகின்றன, எரியவும் எரிகின்றன, ஆனால் முதல் நாளே மங்கலாக இருக்கின்றன.

எனக்கும் இது நடந்தது. பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஒன்று வாங்கினேன், மூன்றாவது மாதம் ஒரு நாள் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டாசு மாதிரி வெடித்தது, கண்ணாடித் தூளை உள்ளேயிருந்து எடுத்து முடிக்க ஒரு சாயந்திரமே ஆனது, விற்றவரைக் கேட்டால் வாரன்ட்டி முடிந்து நான்கு நாள் ஆகிவிட்டது என்றார்.

சந்தையில் கிடைப்பவை மூன்று வகை. புரொஜெக்டர் கம்பெனியின் பெட்டியிலேயே வருவது ஒன்று, விலை அதிகம், நிறுத்திய மாடலுக்குக் கிடைப்பதும் அரிது. இரண்டாவது, கூடு வேறு யாரோ செய்தது, உள்ளே பல்பு மட்டும் பிலிப்ஸ், ஓஸ்ராம், உஷியோ, ஃபீனிக்ஸ் மாதிரி அசல் தயாரிப்பாளருடையது. மூன்றாவது, கூடும் பல்பும் நகல். உங்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வகை. பெரும்பாலான புரொஜெக்டர் கம்பெனிகள் பல்பைத் தாங்களே செய்வதில்லை, இவர்களிடம்தான் வாங்கிப் போடுகிறார்கள், ஆகவே ஆலையிலிருந்து வந்தபோது உங்கள் புரொஜெக்டரில் இருந்த அதே பல்பே இந்த வழியில் கிடைக்க வாய்ப்பிருக்கிறது.

எப்படித் தெரிந்துகொள்வது? விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்: உள்ளே இருக்கும் பல்பு யார் தயாரிப்பு, எத்தனை வாட்? பெயரைச் சொல்லாமல் ‘ஒரிஜினல் தரம்’, ‘ஒரிஜினலுக்கு இணை’ என்று சுற்றி வளைத்தால் அது நகல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் சொன்னால், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது உங்கள் புரொஜெக்டரில் இருக்கும் லாம்பைக் கழற்றி (பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு) பல்பின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். தயாரிப்பாளர் பெயர், வாட், இன்னும் சில எண்கள் இருக்கும். ஓஸ்ராமில் வாட்டுக்குப் பக்கத்திலேயே மின்முனை இடைவெளியும் பிரதிபலிப்பானின் வகையும் போட்டிருப்பார்கள். அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, வரும் லாம்போடு ஒப்பிடுங்கள். கூட்டின் பாகம் எண்ணும் ஒத்துப்போக வேண்டும், எப்சனில் அது ‘ELPLP’ என்று தொடங்கும்.

பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள். குமிழ் தெளிவாக இருக்க வேண்டும். பால் படிந்த மாதிரியோ கறுத்தோ இருந்தாலும், இணைப்பு ஸ்க்ரூவில் ஏற்கெனவே திருகிய தடம் இருந்தாலும் அது பயன்படுத்தியதைத் துடைத்து அனுப்பியது, மாட்டாமல் திருப்பி அனுப்புங்கள். விலையை விட திருப்பி வாங்கிக்கொள்ளும் நிபந்தனையைத்தான் நான் முதலில் படிப்பேன். லாம்புக்கு வாரன்ட்டி பெரும்பாலும் சில மாதங்கள்தான், அதனால் கையிருப்புக்கு என்று இரண்டு வாங்கிப் பெட்டியில் வைத்தால் இரண்டாவதை மாட்டும்போது வாரன்ட்டி முடிந்திருக்கும்.

வெறும் பல்பை மட்டும் வாங்கிப் பழைய கூட்டில் பொருத்தினால் மலிவு. கை பழகியவர்கள் செய்யலாம். ஆனால் சற்றே கோணினாலும் படத்தில் ஒரு பக்கம் இருட்டாகும், கண்ணாடியில் விரல் எண்ணெய் பட்டால் அந்த இடம் வெந்து பலவீனமாகும். புதியவர்கள் கூட்டோடே வாங்குங்கள்.

மாட்டியதும் மெனுவில் லாம்ப் நேரத்தை ரீசெட் செய்யுங்கள், இல்லையென்றால் பழைய எச்சரிக்கையே வரும். ‘4000 மணி நேரம்’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் வெளிச்சம் பாதியாகக் குறையும் வரையிலான கணக்கு, அதுவும் வெளிச்சத்தைக் குறைத்து ஓட்டும் எக்கோ மோடில். அடிக்கடி போட்டு அணைப்பது ஆயுளைக் குறைக்கும்.

புது புரொஜெக்டர் பற்றி: நல்ல லாம்பின் விலை, இதே அளவு வெளிச்சம் தரும் புது கருவியின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் புதியதற்குப் போய்விடுவேன். எல்இடி, லேசர் வகைகளில் ஒளிமூலத்துக்கு 20,000 மணி நேரம் என்கிறார்கள், லாம்ப் தேடும் வேலையே இல்லை. ஆனால் விலை மலிவான எல்இடி கருவிகளின் பெட்டியில் போட்டிருக்கும் லூமென் (வெளிச்ச அளவு) எண்ணை நம்பாதீர்கள், பொதுவான தர முறைப்படி அளந்த ஆன்சி லூமென் எவ்வளவு என்று கேளுங்கள்.

கழற்றிய பழைய லாம்பைக் குப்பையில் போடாதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. புது லாம்ப் வந்த அட்டைப்பெட்டியிலேயே பத்திரமாக வைத்து மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுத்துவிடுங்கள். எப்போதாவது வெடித்துவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, பிள்ளைகளை அறையிலிருந்து வெளியே அனுப்புங்கள், வாக்குவம் கிளீனர் போடவே போடாதீர்கள், அது பாதரசத்தை அறை முழுக்கப் பரப்பிவிடும்.