பாட்டிலில் பிடித்துப் பாருங்கள்: டீசல் ஃபில்டர் கேள்வி பதில்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சங்ககிரிப் பக்கம் லாரி கழுவாத ஆள் கிடையாது. பிரஷர் பம்ப் வைத்துக் கேபின், சேசிஸ், டேங்க் எல்லாம் அடித்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி லைனுக்கு அனுப்புவார்கள். பத்து நாள் கழித்து அதில் சில வண்டிகள் எங்கள் டீசல் பம்ப் பட்டறை வாசலில் நிற்கும். டேங்க் மூடியின் காற்றுத் துளை வழியாக உள்ளே போன தண்ணீர்தான் காரணம். இந்த முறை வந்த கேள்விகளிலும் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றித்தான்.

“பெங்களூரு லைன் ஓட்டறனுங்க. தொப்பூர் ஏத்தத்துல மீட்டர் போர்டுல தண்ணி லைட் எரியுது. தருமபுரி தாண்டி ரோடு சமமானதும் அணைஞ்சு போகுது. சென்சார் போச்சு, ஒயரைப் புடுங்கி விடுன்னு ஓனர் சொல்றாருங்க. செய்யலாமுங்களா?” (ஓட்டுநர், சங்ககிரி)

ஒயரைத் தொடாதீங்க. அந்த சென்சாரில் பெரிய வித்தை எதுவும் இல்லை. டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டர் கிண்ணத்தின் அடியில் இரண்டு உலோக முனைகள் இருக்கும். டீசலில் கரண்ட் பாயாது, தண்ணீரில் பாயும். தண்ணீர் மட்டம் ஏறி இரண்டு முனையையும் தொட்டால் லைட் எரியும். மட்டம் முனைக்குக் கொஞ்சம் கீழே நிற்கும்போது வண்டி ஏற்றத்தில் சாய்ந்தால், தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கித் தொட்டுவிடும். சமத்துக்கு வந்ததும் விலகிக்கொள்ளும். லைட் அணைந்தாலும் தண்ணீர் அங்கேயேதான் இருக்கிறது.

ஓரமாக நிறுத்தி வடித்துவிட்டுப் போங்கள். ஐந்து நிமிட வேலை. இன்ஜினை அணைத்து, சூடு கொஞ்சம் தணியட்டும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை, லேபிளைக் கிழித்துவிட்டு, அடியில் பிடியுங்கள். அடியில் இருக்கும் வடிதிருகை, அதாவது டிரெயின் காக்கை, கையால் திறங்கள். பெரும்பாலும் பிளாஸ்டிக்காகத்தான் இருக்கும், ஸ்பேனர் போட்டால் மரை போய்விடும். திறந்தும் வடியவில்லை என்றால் மேலே கைப்பம்ப்பை நாலு தடவை அழுத்துங்கள், அல்லது காற்று ஸ்குரூவைச் சற்றுத் தளர்த்துங்கள். சுத்த டீசல் வரும்வரை வடித்து, காக்கை மூடி, கைப்பம்ப் கெட்டியாகும்வரை அடித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

பாட்டிலை உடனே கொட்டிவிடாமல் ஒரு நிமிடம் வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒரு லிட்டர் டீசல் ஏறக்குறைய 830 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர் 1,000 கிராம். அதனால் தண்ணீர் அடியில் இறங்கி, நடுவே கண்ணாடி மாதிரி ஒரு கோடு விழும். ஆட்டினால் அந்தக் கோடு தளும்பும். பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: கோடே இல்லாமல் ஒரே நிறமாக இருந்தால் முழுக்க டீசல் என்று நினைத்துவிடுவார்கள். ஒருவேளை முழுக்கத் தண்ணீராகவும் இருக்கலாம். நானே ஒரு டிப்பரில் முக்கால் பாட்டில் பிடித்து, “சுத்தமாத்தான இருக்குது” என்று சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் நின்ற கிளீனர் பையன் மோந்து பார்த்துவிட்டு, “அண்ணா, வாசமே இல்லீங்களே” என்றான். சந்தேகம் வந்தால் அதில் கொஞ்சம் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். தனியாக அடியில் போய் நின்றால் மேலே இருப்பது டீசல். கலந்து காணாமல் போனால் பிடித்தது தண்ணீர்.

வடித்த மறுநாளே லைட் திரும்ப வந்தால் கோளாறு டேங்கில். டேங்க் அடி நட்டைக் கழற்றி முழுசாக வடிக்க வேண்டும். இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டருக்கு ஆயில் என்று தனியாக எதுவும் கிடையாது, டீசலின் வழவழப்பில்தான் அது ஓடுகிறது. தண்ணீர் போனால் அந்த வழவழப்புப் போய் உள்ளே கீறல் விழும், துரு பிடிக்கும். சூட்டில் தண்ணீர் சட்டென்று ஆவியாகி நாசில் முனையே விரிசல் விட்டு வந்த கேஸும் உண்டு.

“ரிக் வண்டி இப்ப சத்தீஸ்கரில் ஓடுதுங்க. கம்ப்ரசர் இன்ஜினுக்கு வாரம் ஒரு ஃபில்டர் மாத்தறோம். கழட்டிப் பாத்தா கருப்பா, சளி மாதிரி வழுவழுன்னு ஒட்டியிருக்குது. டீசல் கலப்படமுங்களா?” (போர்வெல் உரிமையாளர், திருச்செங்கோடு)

கலப்படமாக இருக்க வாய்ப்புக் குறைவு. அது உயிருள்ள பொருள். டேங்கிலோ பேரலிலோ அடியில் தண்ணீர் தேங்கினால், தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். அதற்குக் குடிக்கத் தண்ணீர், தின்ன டீசல். வெயிலில் இன்னும் வேகமாகப் பெருகும். அந்தச் சளிதான் ஃபில்டர் காகிதத்தில் போய் அப்பிக்கொள்கிறது.

உங்கள் ஊர் ரிக்குகள் மாதக்கணக்கில் வெளி மாநிலத்தில் கிடக்கும், டீசல் பேரலில் நிற்கும். அந்தப் பேரலைத்தான் முதலில் பார்க்கணும். நிமிர்த்தி வைத்த பேரலின் தலையில் மழைத்தண்ணீர் ஒரு விரற்கடை தேங்கும். பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மூடி இடுக்கு வழியே வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது பேரல் மூச்சை உள்ளே இழுக்கும். காற்றுக்குப் பதிலாக மூடியைச் சுற்றித் தேங்கிய தண்ணீரை மரை வழியாக உறிஞ்சிக்கொள்ளும். மூடி இறுக்கமாகத்தானே இருக்கிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். ஒரு மழைக்காலத்தில் அரைக் குடம் தண்ணீர் சேர்ந்துவிடும்.

முழுப் பேரலைப் படுக்க வையுங்கள், இரண்டு மூடியும் இடம் வலமாக ஒரே மட்டத்தில் வரும்படி. அப்போது மூடிகளுக்கு உள்பக்கம் டீசல் நிற்கும், காற்றோ தண்ணீரோ உள்ளே வர வழியில்லை. எடுத்துப் புழங்கும் பேரல் என்றால் ஒரு பக்கம் கட்டை கொடுத்துச் சாய்த்து, மேலே தார்ப்பாய் போடுங்கள். உறிஞ்சு குழாய் அடிமட்டத்தைத் தொடக்கூடாது, நாலு விரல் மேலேயே நிற்கட்டும். கடைசி டீசலையும் உறிஞ்சி எடுக்கும் சிக்கனத்தில்தான் அடிக்கசடு முழுவதும் வண்டிக்குப் போகிறது.

இப்போது இருக்கிற சளிக்கு டேங்கைக் கழற்றிக் கழுவுவதைத் தவிர வழியில்லை. பிறகு டீசலுக்கான கிருமிநாசினியை டப்பாவில் போட்ட அளவுப்படி கலக்குங்கள். செத்த சளி உதிர்ந்து வருவதால் அடுத்த இரண்டு மூன்று ஃபில்டர் சீக்கிரமே அடைக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று பாதியில் விட்டுவிடாதீர்கள்.

“ஊட்டிக்குப் போய்க் கேரட் ஏத்திட்டு வர்ற வண்டி. பொழுதோட டேங்க் ஃபுல் பண்ணி நிறுத்தினா உள்ளே தண்ணி வேர்க்காதுன்னு சொல்றாங்களே?” (மேட்டுப்பாளையம்)

சரிதான். காலி இடம் குறைந்தால் ஈரக்காற்றும் குறைவு. ராத்திரி மலைமேல் நிறுத்தும் வண்டிக்கு இது நல்ல பழக்கம். ஆனால் என் அனுபவத்தில் வேர்வைத் தண்ணீர் மேல் போடும் பழியில் பாதி பொய். கிண்ணத்தில் கால் லிட்டர் தண்ணீர் நின்றால் அது வேர்த்து வந்ததல்ல. மூடி வாஷர், வாட்டர் சர்வீஸ், அழுக்கு கேன் இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

“எங்கப்பா காலத்துல ஃபில்டரை டீசல்ல கழுவி மறுபடி போட்டுத்தான் ஓட்டுனாரு. இப்ப மட்டும் ஏனுங்க ஆகாதுங்கறீங்க?” (முட்டை லாரி உரிமையாளர், நாமக்கல்)

உங்க அப்பா செய்தது தப்பில்லை. அந்தக் காலத்து இரட்டை ஃபில்டரில் முதலாவது கம்பளித் துணி. கழுவிப் போடவென்றே செய்தது. இரண்டாவது காகிதம், அதை அவரும் கழுவியிருக்க மாட்டார். இப்போது இரண்டுமே காகிதம் அல்லது செயற்கை இழை. தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் பருமன் என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது ஃபில்டர் பிடிக்க வேண்டியது 3 முதல் 5 மைக்ரான் தூசி. கழுவினால் தூசி உள்ளே இன்னும் ஆழமாகப் போகும். கம்ப்ரசர் காற்று அடித்தால் காகிதம் கண்ணுக்குத் தெரியாமல் கிழியும். பழைய பம்ப் சில நூறு பார் அழுத்தத்தில் தள்ளியது, கொஞ்சம் தூசியைப் பொறுத்துக்கொண்டது. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் கொடுக்கும் இப்போதைய காமன் ரெயிலில் 1,600 பாருக்கு மேலே. இன்ஜெக்டர் உள்ளே ஊசிக்கும் கூட்டுக்கும் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். அங்கே ஒரு மணல் துகள் போனால் அரத்தால் ராவின மாதிரி.

“ஃபில்டர் மாத்துனதும் ஸ்டார்ட் ஆகி, அரை நிமிஷத்துல அணைஞ்சு போகுதுங்க. கைப்பம்ப் அடிச்சு அடிச்சுக் கையே வலிக்குது, கெட்டியாகவே மாட்டேங்குது. வெளிய ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகலை.” (கரூர்)

ஒழுகாததுதான் துப்பு. டேங்கிலிருந்து பம்ப் வரை டீசலை உறிஞ்சி எடுக்கும் பாதை. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். முதலில் ஃபில்டரைக் கழற்றி மேல் தலையைத் தடவிப் பாருங்கள். பழைய ரப்பர் வாஷர் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதன்மேல் புது வாஷர் உட்கார்ந்திருக்கும். பத்தில் ஆறு வண்டியில் நான் பார்ப்பது இதுதான். இல்லையென்றால் ரப்பர் ஹோஸ் வெடிப்பு, டீசல் குழாயை இணைக்கும் பாஞ்சோ போல்ட்டின் செம்பு வாஷர். ஹோஸைக் கழற்றி அந்த இடத்தில் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம் மாட்டினால் குமிழி ஓடுவது தெரியும். புது ஃபில்டரின் வாஷரில் டீசல் தடவி, தொட்ட பிறகு கையால் அரை முதல் முக்கால் சுற்று, அவ்வளவே. ஃபில்டர் ஸ்பேனர் கழற்றத்தான்.

இதோடு ஒன்று. புது ஃபில்டரில் கேன் டீசலை ஊற்றி நிரப்பி மாட்டுகிறார்கள், பாதையில் சிக்கிய காற்றை வெளியேற்றும் வேலை, அதாவது ஏர் எடுக்கும் வேலை மிச்சம் என்று. நடு ஓட்டை வழியாக ஊற்றுவது வடிகட்டிய பக்கம். நீங்கள் ஊற்றும் அழுக்கு எந்தக் காகிதத்தையும் தாண்டாமல் நேராக இன்ஜெக்டருக்குப் போகும். என் பட்டறையிலேயே ஒரு பையன் பெயின்ட் டப்பாவில் டீசல் பிடித்து இப்படி ஊற்றினான். நானும் கவனிக்கவில்லை. ஆறு இன்ஜெக்டர், என் கைக்காசு. இப்போது எங்களிடம் காலியாகத்தான் மாட்டுவோம், கைப்பம்ப் அடித்தே நிரப்புவோம்.

பழைய வண்டிப் பழக்கத்தில் நாசில் பைப் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கப் பார்க்காதீர்கள். காமன் ரெயிலில் அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தின அளவே தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரும். அப்படி நேர்ந்தால் மஞ்சள் வைத்துக் கட்டாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

“திம்பத்துல பத்தாவது வளைவுக்கு மேல இழுக்க மாட்டேங்குது. டேங்க் மூடியைத் தொறந்து மூடினா ‘புஸ்’னு சத்தம், அப்பறம் நல்லாப் போகுது.” (சத்தியமங்கலம்)

மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டீசல் குறையக் குறைய உள்ளே காற்று வராமல் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்கத் திணறுகிறது. மூடியை மாற்றுங்கள். மீதி பதினேழு வளைவும் நிம்மதியாக ஏறலாம். மூடிக்குப் பதில் பாலிதீன் பையும் துணியும் சுற்றுகிறவர்களும் இதைப் படிக்கட்டும்.

“கிளீனர் தெரியாம யூரியாத் தண்ணியை டீசல் டேங்குல ஊத்திட்டான். பத்து லிட்டர் இருக்கும்.” (தேங்காய் லாரி, பொள்ளாச்சி)

சாவியைத் திருப்பாதீர்கள். ஆன் நிலைக்குக்கூட வேண்டாம், சில வண்டியில் அதற்கே டேங்க் பம்ப் ஓட ஆரம்பித்துவிடும். புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்ற வேண்டிய அந்தத் திரவம் 32.5 சதம் யூரியா, மீதி தண்ணீர். டீசலைவிடக் கனம், அடியில் போய் உறிஞ்சு குழாய் வாயிலேயே உட்காரும். டேங்கை இறக்கி வடித்துக் கழுவினால் சில ஆயிரத்தில் முடியும். ஓட்டியிருந்தால் யூரியா காய்ந்து உப்பாகி, பம்ப், ரெயில், இன்ஜெக்டர் எல்லாம் மாற்ற வேண்டியதுதான். பையனை அடிக்காதீங்க. யூரியா டேங்கின் நீல மூடியை அவனுக்கு யாரும் காட்டிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

“பங்க்குல ஃபில்டர் பேப்பர் டெஸ்ட் கேட்டா டீசலுக்கு இல்லைங்கறாங்க. ஏமாத்தறாங்களா?” (பெருந்துறை)

இல்லை, காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு, காய்ந்த பிறகு கறை நிற்கிறதா என்று பார்க்கும் அந்தச் சோதனை பெட்ரோலுக்கு உள்ளது. டீசலுக்கு அடர்த்தி பார்க்கச் சொல்லுங்கள். ஜாடியும் ஹைட்ரோமீட்டரும் அவர்களிடம் இருக்கும். நிலத்தடி டேங்கில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க, அளவுக் கம்பியில் பேஸ்ட் தடவி இறக்குவார்கள், தண்ணீர் பட்டால் நிறம் மாறும். டேங்கர் வந்து இறக்கிக்கொண்டிருக்கும்போது அந்த பங்க்கில் போடாதீர்கள், அடிக்கசடு கலங்கி நிற்கும் நேரம் அது.

“பாதி விலையில கிடைக்கற ஃபில்டர்?” (ஈரோடு)

ஒரு கடையில் பெட்டி பெட்டியாக வாங்கி நானே மாட்டிக்கொண்டேன். பெட்டி, ஸ்டிக்கர் எல்லாம் அச்சு அசல். அறுத்துப் பார்த்தால் மடிப்பு பாதிகூட இல்லை, பசை விட்டுக் காகிதம் தனியாக ஆடியது. பழைய ஃபில்டரை எறியும் முன் ஒன்றை அறுத்துப் பாருங்கள். மாற்றும் கிலோமீட்டருக்கு வண்டிப் புத்தகம்தான் கணக்கு, ரிக்குக்கு மணிக்கணக்கு. மாற்றிய தேதியை மார்க்கரில் ஃபில்டர் மேலேயே எழுதிவிடுங்கள்.

“வடிச்ச டீசலைத் தெளிய வெச்சு மறுபடி டேங்குலயே ஊத்திக்கலாமுங்களா?” (அதே சங்ககிரி ஓட்டுநர்)

டீசல் விக்கிற விலைக்குக் கேட்கத்தான் தோணும். வேண்டாமுங்க. மூடி போட்ட கேனில் சேர்த்து வைத்து, இந்தப் பக்கம் வரும்போது கொடுத்துவிட்டுப் போங்கள். எங்கள் பையன்கள் நட்டு போல்ட்டு கழுவ வைத்துக்கொள்வார்கள்.