அப்பாவுக்கு வயது ஏற ஏற மருத்துவச் செலவும் ஏறிக்கொண்டே போகுமா?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66. அப்பாவுக்கு சுகரும் பிரஷரும் இருக்கிறது. இன்சூரன்ஸ் பிரீமியம் வருஷா வருஷம் ஏறுகிறது. தமிழ்நாட்டில் முதியவர்கள் கூடிக்கொண்டே போவதால் ஆஸ்பத்திரிச் செலவு இன்னும் எகிறும் என்கிறார்கள். திருவள்ளூர் பக்கம் அப்பா பெயரில் உள்ள மனையை இப்போதே விற்றுப் பணமாக வைத்துக்கொள்ளலாமா?"

விற்க வேண்டாம், குறைந்தபட்சம் இந்தப் பயத்துக்காக வேண்டாம்.

முதியவர்கள் கூடுவது உண்மைதான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 தாண்டியவர்கள் 10.4 சதவீதம், 2031இல் 18.2 சதவீதம் ஆகும் என்று கணித்திருக்கிறார்கள், கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். ஆனால் வயது ஏறுவதால் மட்டுமே செலவு ஏறும் என்பது பாதி உண்மை. 1999இல் ஸ்வைஃபெல், ஃபெல்டர், மையர்ஸ் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் ஸ்விட்சர்லாந்தில் இறந்துபோனவர்களின் காப்பீட்டுக் கணக்குகளை எடுத்து, அவர்களுடைய கடைசி இரண்டு வருஷச் செலவைப் பார்த்தார்கள். 65க்கு மேல் ஒருவருக்கு எத்தனை வயது என்பதைவிட, இறப்புக்கு எவ்வளவு நெருங்கிவிட்டார் என்பதுதான் செலவைத் தீர்மானித்தது. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் திட்டப் பணத்தில் ஏறக்குறைய கால் பங்கு வாழ்நாளின் கடைசி ஒரு வருஷத்தில்தான் செலவாகிறது. அதாவது உங்கள் அப்பாவுக்கு 75, 80, 85 என்று படிப்படியாகச் செலவு ஏறும் என்று எண்ண வேண்டாம். பல வருஷம் சமாளிக்கக்கூடிய அளவில் ஓடிவிட்டு, ஒரு கட்டத்தில் மொத்தமாக வரும்.

இதில் ஒரு விஷயத்தை நம் வீடுகளில் கணக்கிலேயே எடுப்பதில்லை. மேலே சொன்னது ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டும்தான் பொருந்தும். பின்னால் வந்த ஆய்வுகள் பராமரிப்புச் செலவைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, அது வயதோடு சேர்ந்தே ஏறுவது தெரிந்தது. குளிக்க வைக்க, டயப்பர் மாற்ற, ராத்திரி எழுந்தால் பிடித்துக்கொள்ள ஆள் வைக்கிறோமே, அந்தச் சம்பளத்தைப் பெரும்பாலான பாலிசிகள் கொடுக்காது, மாதா மாதம் நம் கையிலிருந்துதான் போகும். இன்றைக்கு அம்மா செய்கிறார் என்பதால் அது இலவசமாகத் தெரிகிறது, ஆனால் அம்மாவுக்கும் வயது ஏறுகிறது. சேர்த்து வைப்பதாக இருந்தால் முதலில் இதற்குச் சேர்த்து வையுங்கள், நினைத்த நேரத்தில் எடுக்கிற மாதிரி ஒரு எஃப்.டி. போதும்.

மொத்தமாக வரும் ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான் இன்சூரன்ஸ். பிரீமியம் ஏறுகிறதே என்று பழைய பாலிசியை விட்டுவிடாதீர்கள், விட்டுவிட்டுப் புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள சுகருக்கும் பிரஷருக்கும் மூன்று வருஷம் வரை காத்திருக்க வைப்பார்கள். 2025 ஜனவரியிலிருந்து மூத்த குடிமக்களுக்குப் பிரீமியத்தை வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமென்றால் கம்பெனி முதலில் காப்பீட்டுக் கட்டுப்பாட்டு ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யைக் கலந்தாலோசிக்க வேண்டும். தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யும் கிடையாது, ரசீதில் அது கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பாலிசியில் உள்ள ரூம் வாடகை வரம்பைப் பாருங்கள். வரம்பு 5,000 ரூபாய் என்று இருக்க நீங்கள் 10,000 ரூபாய் ரூமில் சேர்த்தால், கூடுதல் வாடகை மட்டும் போகாது, டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் பாதியை வெட்டிவிடுவார்கள். மருந்து, இம்பிளான்ட், டெஸ்ட் ஆகியவற்றில் அப்படி வெட்டக் கூடாது என்பது விதி. வெட்டியிருந்தால் எழுதிக் கேளுங்கள், சும்மா விடாதீர்கள்.

அப்பாவுக்கு 70 தாண்டிவிட்டதால் வருமானம் பார்க்காமல் வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சைச் செலவு தரும் மத்திய அரசின் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டைக்கும் பதிந்து வையுங்கள், தனியார் பாலிசி இருப்பது தடையில்லை. எந்த ஆஸ்பத்திரி அதை ஏற்கிறது என்று சேர்ப்பதற்கு முன்பே கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

மாத்திரைச் செலவு சின்னது, முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ ஜெனரிக் வாங்கினால் இன்னும் குறையும். ஆனால் மாத்திரைகளின் எண்ணிக்கைதான் எனக்குக் கவலை தருகிறது. சுகருக்கு ஒரு டாக்டர், பிரஷருக்கு ஒருவர், தூக்கத்துக்கு ஒருவர் என்று எழுதி, அப்பா ராத்திரி சரியாகச் சாப்பிடாமல் சுகர் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு படுத்தால், விடியற்காலை பாத்ரூம் போகும்போது தலை சுற்றி விழ வாய்ப்பு இருக்கிறது. இடுப்பெலும்பு உடைந்தால் ஆபரேஷன், பிசியோதெரபி, ஆள் சம்பளம் மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும். சென்னையில் இதற்கு வசதி இருக்கிறது. ஜி.ஹெச்.சில் முதியோர் புறநோயாளிகள் பிரிவு 1978லிருந்தே நடக்கிறது, கிண்டியில் 200 படுக்கையுடன் தேசிய முதியோர் நல மையம் 2024இல் திறந்தாயிற்று. எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய், எதை நிறுத்தலாம் என்று ஒரே டாக்டரிடம் கேளுங்கள். பாத்ரூமில் கைப்பிடி ஒன்றும் பொருத்திவிடுங்கள்.

சரி, மனை. விற்பதா வேண்டாமா என்பதை அப்பா தெளிவாக இருக்கும்போதே அவரோடு உட்கார்ந்து பேசுங்கள், பட்டாவும் வில்லங்கச் சான்றும் சரியாக இருக்கிறதா பாருங்கள். பக்கவாதமோ மறதி நோயோ வந்து அவரால் முடிவெடுக்க முடியாமல் போனால், முன்பே எழுதி வைத்த பவர் பத்திரம்கூடச் செல்லாது, நீதிமன்றம் போக வேண்டிவரும், அவசரத்துக்கு அந்த மனை உதவாது. அதே காரணத்துக்காக அப்பாவின் வங்கிக் கணக்கில் அம்மாவையோ உங்களையோ, இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கும்படி இந்த மாதமே சேர்த்துவிடுங்கள்.