அமெரிக்காவும் சீனாவும் மோதிக்கொண்டால் சாதாரண மக்கள் சண்டைக்குப் போவார்களா?

நீங்கள் பதிவில் கேட்ட இந்தக் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் கடந்து போயிருப்பேன். ‘இந்தக் காலத்துப் பசங்க எவன் துப்பாக்கி தூக்குவான், வீட்டில் உட்கார்ந்து ரீல்ஸ்தான் பார்ப்பான்’ என்று கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் இந்தியாவில் இருப்பவர், படிப்பை முடித்து வேலை தேடுகிற வயது என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் ஊரில் ராணுவம் என்பது ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போய், ஓடிக் காட்டி, நெஞ்சை அளந்து, இடம் கிடைத்தால் சேர்கிற வேலை. அதனால் ‘போவார்களா’ என்று கேட்கத் தோன்றுகிறது. நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவன். இங்கே பையன்களிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. பதினாறரை வயதில் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவச் சேவைக்குப் பதிவு செய்யச் சொல்லி அறிவிப்பு வரும். அப்புறம் ஒருநாள் தலையை மழித்து, அடிப்படைப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவில் இறக்கிவிடுவார்கள். முழுநேரச் சேவை முடிந்த பிறகும் ஆளை விடமாட்டார்கள். அதிகாரியாக இல்லாதவனுக்கு 40 வயது வரை ரிசர்விஸ்ட் உண்டு, அதாவது கூப்பிடும்போது வேலையை விட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போக வேண்டும்.

இந்தச் சட்டம் வந்தது 1967-ல். அதே வருடம்தான் அமெரிக்காவில் முகமது அலி வியட்நாம் போருக்கு வரமாட்டேன் என்று சொல்லி, உலகக் குத்துச்சண்டைப் பட்டத்தைப் பறிகொடுத்து, ஐந்து வருடச் சிறைத்தண்டனையும் வாங்கினார். மேல்முறையீட்டில் 1971-ல் அது ரத்தானது, சிறைக்குள் அவர் போகவேண்டி வரவில்லை. ஆனால் நல்ல வயதில் மூன்று வருடத்துக்கு மேல் மேடை ஏற முடியாமல் போயிற்று. உலக சாம்பியனுக்கே மறுப்பதற்கு அவ்வளவு செலவு. எங்கள் ஊரில் மறுத்தால் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். போவதற்குத் துணிச்சல் வேண்டும் என்று நினைக்கிறீர்கள். போகாமல் இருப்பதற்குத்தான் அது வேண்டும். எனக்கு அது இருந்ததில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

என் கதையைச் சொல்கிறேன். 2010. எனக்கு 30 வயது, மகனுக்கு இரண்டு. அன்று அவனுக்குக் காய்ச்சல். இங்கே ரிசர்விஸ்ட் ஆட்களைத் திடீரென்று திரட்டிப் பார்க்கிற ஒத்திகை உண்டு. ஒவ்வொரு யூனிட்டுக்கும் குறிச்சொல் இருக்கும். அது டிவியில், வானொலியில், சினிமாக் கொட்டகைத் திரையில் கூட வரும். கண்ணில் பட்டால் சில மணி நேரத்துக்குள் மூட்டை முடிச்சோடு கேம்ப்பில் நிற்க வேண்டும். எங்கள் குறிச்சொல்லை ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தேன். என் போன் சார்ஜில் கிடந்தது, நான் பார்க்கவில்லை. வசந்தம் சேனலில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்த அம்மாதான் கண்டுபிடித்தார்.

“தம்பி, ஃபிரிட்ஜுல ஒட்டி வச்சிருக்கியே, அது டிவியில வருதுடா.”

ஒத்திகைதான் என்று தெரியும். இருந்தாலும் வயிறு ஒரு புரட்டு புரட்டியது. அந்த நிமிடத்தில் நான் என்ன யோசித்தேன் தெரியுமா? நாட்டைப் பற்றி இல்லை. எதிரி யாராக இருப்பான் என்றும் இல்லை. பூட்ஸ் எங்கே என்றுதான். வாசல் செருப்பு அலமாரியின் அடித்தட்டில், என் மனைவியின் கோயில் செருப்புகளுக்குப் பின்னால் கிடைத்தது. மாட்டிக்கொண்டு லிஃப்ட் வரை நடந்தேன். இடது பூட்ஸின் சோல், வெந்த இட்லியிலிருந்து ஈரத்துணி உரிவதுபோல் அப்படியே கழன்று வந்துவிட்டது. இந்த ஊர் ஈரப்பதத்தில் போடாமல் வைத்த பூட்ஸ் மக்கிவிடும், ராணுவத்தில் இருந்த எவனைக் கேட்டாலும் சொல்வான். திரும்ப வீட்டுக்குள் ஓடி, கறுப்பு டேப்பை எடுத்துக் காலோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டேன். மகன் அழுதுகொண்டிருந்தான். மனைவி ஒன்றும் சொல்லாமல் என் தண்ணீர்ப் போத்தலை நிரப்பிக் கொடுத்தாள்.

டாக்சி ஓட்டியவர் வயதான சீன அங்கிள். சீருடையைப் பார்த்ததுமே எந்தக் கேம்ப் என்று கேட்டுவிட்டு வண்டியை விரட்டினார். பாதி வழியில், “இந்தத் தடவை யாரோட சண்டை?” என்று சிரித்தார். “தெரியல அங்கிள்” என்றேன். உண்மையிலேயே தெரியாது, அதுவரை தோன்றவும் இல்லை. கேம்ப்பில் போய் வரிசையில் நின்று, கையெழுத்துப் போட்டு, துப்பாக்கி வாங்கி, மறுபடி உட்கார்ந்து காத்திருந்தோம். அத்தனை மணி நேரத்தில் எதிரியைப் பற்றி ஒருவன் வாய் திறக்கவில்லை. காரை எங்கே நிறுத்தினாய், நாளைக் காலை ஆபீசுக்கு நேரத்துக்குப் போய்விடலாமா, உன் பூட்ஸ் ஏன் இப்படி இருக்கிறது, இவ்வளவுதான் பேச்சு. எங்கள் சார்ஜண்ட் என் காலைப் பார்த்துச் சிரித்ததை இன்றைக்கும் குழுவில் யாராவது கிளப்புவார்கள்.

‘ஒத்திகைக்குப் போனதை வைத்துப் போர் பற்றிப் பேசுகிறாயா?’ என்று கமென்டில் வரப்போகிறவர்களுக்கு: ஆமாம், சுடுதளத்தைத் தவிர வேறெங்கும் குண்டுச் சத்தம் கேட்டவன் இல்லை நான். மதுரையில் இருக்கும் என் மைத்துனர் எங்கள் படையைப் ‘பொம்மை ஆர்மி’ என்பார். இருக்கட்டும். நான் சொல்ல வந்தது வீரத்தைப் பற்றி இல்லை. கூப்பிட்டால் சாதாரண ஆள் எப்படிப் போய்ச் சேர்கிறான் என்பதைத்தான். முடிவெடுத்துவிட்டுப் போவதில்லை. பூட்ஸைத் தேடுகிறான், டாக்சி பிடிக்கிறான், வரிசையில் நிற்கிறான். நின்ற பிறகு, பக்கத்தில் நிற்பவன் போகாமல் நாம் மட்டும் எப்படித் திரும்புவது?

சரி, நீங்கள் கேட்டது அமெரிக்கா, சீனா. எங்களுக்கு அது தூரத்துச் செய்தி இல்லை. எங்கள் போர் விமானங்கள் அமெரிக்காவிலிருந்து வாங்கியவை. அமெரிக்கக் கடற்படையின் தளவாடப் பிரிவு ஒன்று 1992-லிருந்து இங்கே இருக்கிறது. இன்னொரு பக்கம், மிகப் பெரிய வணிகப் பங்காளி சீனா. நடுவில், சீனா தன்னுடையது என்று சொல்லும் தைவானில் 1975-லிருந்து எங்கள் படை போய்ப் பயிற்சி எடுக்கிறது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான். 2016 நவம்பரில் தைவானில் பயிற்சி முடிந்து வணிகக் கப்பலில் திரும்பி வந்த எங்கள் படையின் ஒன்பது டெரெக்ஸ் கவச வாகனங்களை, சீனாவின் கீழ் இருக்கும் ஹாங்காங்கில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து, 2017 ஜனவரியில்தான் விட்டார்கள்.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு ரிசர்விஸ்ட் பயிற்சி வந்தது. இரவு விளக்கணைத்த பிறகு யாரோ கேட்டுவிட்டான். என் பக்கத்துக் கட்டில்காரன் சீனன், தாத்தா ஃபூஜியனிலிருந்து கப்பலேறி வந்தவர். அவனிடம், “சைனாவோட சண்டைன்னா நீ சுடுவியா?” என்று. அறையில் இருமல் சத்தம்கூட இல்லை. அவன் கோபப்படவில்லை. என் பக்கம் திரும்பி, “உன்ன யாராவது கேட்டிருக்காங்களா, இந்தியாவோட சண்டை வந்தா சுடுவியான்னு?” என்றான்.

கேட்டதில்லை. பதினெட்டு வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. என்னிடம் அப்போது பதிலும் இல்லை. மலாய் நண்பன் ஒருவன் இருட்டில் மெதுவாகச் சிரித்தான். மலாய்க்காரர்கள் பெரும்பான்மையாக இருக்கும் மலேசியா எங்கள் பக்கத்து நாடு, அவனுக்கு அந்தக் கேள்வி புதிதாக இருந்திருக்காது. நான் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, எதற்கென்று கேட்பது என்றும் தெரியவில்லை. அடுத்த நாள் காலை பக்கத்துக் கட்டில்காரன்தான் என் முதுகுப்பையின் வாரை இழுத்துக் கட்டிவிட்டான்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த இரண்டு வாரப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்த வருடம் என் போனஸ் குறைந்தது. மேலாளர் வெளிநாட்டுக்காரர், எந்த நாடு என்பது வேண்டாம். “மறுபடியும் உங்கள் ராணுவ விடுமுறையா?” என்பார். விடுமுறையாம்! சேற்றில் கிடந்து, கொசுக்கடியில் தூங்கி, 36 வயதில் முட்டி தேய்ந்தது விடுமுறை. சம்பளத்தை அரசாங்கம் ஈடுகட்டிவிடுகிறது, கம்பெனிக்கு ஒரு காசு நஷ்டமில்லை. ஆனாலும் ‘இந்த ஆள் பாதியில் காணாமல் போவான்’ என்று மனதில் எழுதிக்கொள்கிறார்கள். எழுத்தில் எதுவும் இருக்காது, நிரூபிக்கவும் முடியாது. பிறகு ஒரு நேர்காணலில், ரிசர்விஸ்ட் இன்னும் எத்தனை வருடம் பாக்கி என்பதையே முதல் கேள்வியாகக் கேட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் மீது எனக்குப் பொறாமை இல்லை, என் மைத்துனரே அப்படி வரப் பார்த்தவர்தான். ஆனால் ‘மக்கள் நாட்டுக்காகப் போராடுவார்களா’ என்று கேட்பவர்கள், போய்விட்டு வந்தவனுக்கு நாடு என்ன செய்கிறது என்றும் ஒரு தடவை கேட்கலாம். விடுங்கள், எங்கேயோ போய்விட்டேன்.

வல்லரசுச் சண்டையில் சிக்கிய சாதாரண ஆட்கள் என்றால் எங்கள் குடும்பத்திலேயே இரண்டு பேர். தாத்தா இப்போதைய மலேசியாவின் ஜோகூரில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். 1942 பிப்ரவரி 15-ல், சீனப் புத்தாண்டு அன்று, சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. ரப்பர் ஏற்றுமதி நின்றது, கூலியும் நின்றது. 1943-ல் தாத்தாவின் அண்ணனை, ஜப்பானியர் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர்ப் பாதை. அந்த வருடம் அக்டோபரில் முடிந்தது. அவர் திரும்பவில்லை. எந்த இடத்தில், என்ன நோயில் போனார் என்று இன்றுவரை தெரியாது. அவர் எந்தப் பக்கமும் துப்பாக்கி தூக்கவில்லை.

அதற்குப் பிறகு தாத்தா, ஜப்பானியரோடு சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்த நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். பயிற்சி முகாமிலேயே போர் முடிந்துவிட்டது, அந்தப் படை சண்டையிட்ட இம்பால் பக்கம் போகவில்லை. சிறு வயதில் நான் பெருமையாக அதைக் கேட்டபோது அவர் சொன்னது: “நேதாஜி பேசினா சிலிர்க்கும்டா. பேசினது ஒண்ணும் புரியாது, தமிழ்ல ஒருத்தர் சொல்லுவாரு, அதுக்கே சிலிர்க்கும். ஆனா சயாமுக்குப் புடிச்சிட்டுப் போறதுக்குள்ள இங்க வந்துட்டா உசுரு தங்கும்னும் நெனச்சேன். சோறும் போட்டாங்க.” நேதாஜியின் அன்பர்கள் சண்டைக்கு வரவேண்டாம். அந்தப் படையில் முழு மனதோடு சேர்ந்து உயிரைக் கொடுத்த தோட்டத் தமிழர்கள் ஏராளம், அதைக் குறைத்துப் பேசும் தகுதி எனக்கில்லை. தாத்தா ஒரே மூச்சில் மூன்று காரணமும் சொன்னார். அதில் எது உண்மையானது என்று பிரிக்க என்னால் முடியவில்லை, அவருக்கும் முடிந்திருக்காது.

ரீல்ஸ் பார்க்கிற தலைமுறை என்கிறீர்கள். 2022 பிப்ரவரியில் ரஷ்யா படையெடுத்ததும் உக்ரைனின் கீவ் நகரத்தில் துப்பாக்கி வாங்க வரிசையில் நின்றவர்களும் அதே தலைமுறைதான். அதே வருடம் செப்டம்பர் 21 அன்று ரஷ்யா 3 லட்சம் பேரைத் திரட்டுவதாக அறிவித்ததும் ஜார்ஜியா எல்லைக்குக் காரை விரட்டியவர்களும் அவர்கள்தான். தன் தெருவுக்குள் எதிரி வருவது வேறு, இன்னொருவன் தெருவுக்கு நம்மை அனுப்புவது வேறு. அந்த உக்ரைனிலும் 18 முதல் 60 வரை ஆண்கள் வெளியேறத் தடை போட்டார்கள். 2024-ல் கட்டாயமாகத் திரட்டும் வயதை 27-லிருந்து 25-க்கு இறக்கவும் வேண்டியிருந்தது. முதல் வாரத்து வரிசை எப்போதும் நீள்வதில்லை.

என் ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டால், 2020 பிப்ரவரி 7-ஐத்தான் சொல்வேன். கொரோனா எச்சரிக்கையை ஆரஞ்சு நிலைக்கு உயர்த்தினார்கள். அன்று மாலையே பேரங்காடிகளில் அரிசி, மீ (நூடுல்ஸ்) பாக்கெட், டாய்லெட் பேப்பர் எல்லாம் காலி. சாப்பாட்டில் 90 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வரும் ஊர், பயம் நியாயம்தான். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ் அரிசி மூட்டை தள்ளிக்கொண்டு போன ஆட்களில் என் பிளாட்டூன்காரன் ஒருவனும் இருந்தான். நானும் இரண்டு மூட்டை வைத்திருந்தேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், ஒன்றும் பேசவில்லை. நாளை சைரன் அடித்தால் அவனும் வருவான், நானும் வருவேன். வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

என் ரிசர்விஸ்ட் காலம் முடிந்துவிட்டது. காய்ச்சலில் அழுத பையனுக்குப் பதிவு அறிவிப்பு வந்திருக்கிறது. அவன் அம்மா அதை அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். உங்கள் கேள்வியை அவனிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “அப்பா, தெக்கோங்குல போன் வச்சுக்க விடுவாங்களா?” என்றான். ராத்திரியில் விடுவார்கள் என்று நினைக்கிறேன் என்றேன்.