இரண்டு மாதக் குழந்தைக்கு வசம்பு உரசிக் கொடுக்கலாமா?

பிள்ளைக்கு இரண்டு மாதம், ராத்திரி வயிறு உப்பிக்கொண்டு அழுகிறது, மாமியார் வசம்பு கொடு என்கிறார், டாக்டர் கூடவே கூடாது என்கிறார், யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பிரசவம் என்று நினைக்கிறேன். இரண்டாவது பிள்ளைக்காரிகள் இப்படி உட்கார்ந்து கேள்வி எழுத மாட்டார்கள், அவர்களுக்கு ஏது நேரம்.

வாய்க்குள் வேண்டாம். சுட்டு, உரசி, தொப்புளைச் சுற்றி லேசாகத் தடவுங்கள். டாக்டர் சொன்னதும் மீறப்படாது, மாமியார் முகமும் கோணாது.

இதைச் சொல்ல நீ யார் என்பீர்கள். நான் டாக்டர் இல்லை. திருநெல்வேலி டவுனில், நெல்லையப்பர் தேர் ஓடுகிற ரத வீதி ஒன்றில் எங்கள் அப்பா நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். வசம்பும் சித்தரத்தையும் திப்பிலியும் விற்ற காசில் சோறு தின்று வளர்ந்தவள் நான். ஆகவே, 'இங்கிலீஷ் மருந்துக்கு அடிமை, பாட்டி வைத்தியத்தைக் கேவலப்படுத்துகிறாள்' என்று எழுத வருகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டவும்.

விளக்கு வைத்த பிறகு கடைக்கு வருகிறவர்கள் வசம்பு என்று வாயால் சொல்ல மாட்டார்கள். "பேர் சொல்லாதது ஒரு துண்டு குடுங்க அண்ணாச்சி" என்பார்கள். அப்பாவும் பதில் பேசாமல் கணுக் கணுவாக, விரல் தடிமனில் இருக்கிற கிழங்கில் ஒரு துண்டை ஒடித்துப் பொட்டலம் மடிப்பார். ஒடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் மறுநாள் வரை அந்த வாசம் போகாது. வீட்டில் உளுந்து மூட்டைக்குள் நாலு துண்டு போட்டு வைப்போம், வண்டு அண்டாது. ஏட்டுச் சுவடிகளைப் பூச்சி அரிக்காமல் இருக்கவும் அந்தக் காலத்தில் வசம்பைத்தான் பூசினார்கள். வண்டை விரட்டுகிற சரக்கு பிள்ளை வயிற்றுக்கு மட்டும் எப்படிப் பூப்போல இருக்கும்? எனக்கு ஐம்பத்து நாலு வயசு வரைக்கும் இந்தக் கேள்வி தோன்றவே இல்லை பாருங்கள்.

மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேரன் பிறந்து நாற்பத்தெட்டாம் நாள். ராத்திரி பத்து மணிக்குப் பிடித்த அழுகை பன்னிரண்டாகியும் நிற்கவில்லை. காலை மடக்கி மடக்கி நீட்டுகிறான், வயிறு மத்தளம் போல இருக்கிறது. என் அம்மா இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். வசம்பை ஊசியில் குத்தி, விளக்கெண்ணெய் தீபத்தில் காட்டி, கரிக்கட்டையாகிற வரை சுடுவாள். உரைகல்லில் இரண்டு துளி தாய்ப்பால் விட்டு, அந்தக் கரியை இரண்டே சுற்று உரசுவாள். மை மாதிரி வரும். அதை வயிற்றில் தடவிவிட்டு, விரல் நுனியில் ஒட்டியிருப்பதை நாக்கில் ஒரு பொட்டு வைப்பாள். அவ்வளவுதான். தேன் எல்லாம் குழைக்க மாட்டாள்.

எனக்குக் கல் இல்லை. (அது ஏன் இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.) மருமகன் ஆன்லைனில் வாங்கி அனுப்பிய வசம்புப் பொடி இருந்தது. பொடியில் ஒரு சிட்டிகை எடுத்துப் பாலில் கலக்கிச் சங்கில் ஊற்றிக் கொடுத்துவிட்டேன். சுட்ட வசம்பு என்றால் கருப்பாக அல்லவா இருக்க வேண்டும்? அந்தப் பொடி மண் நிறத்தில் இருந்தது. கடைக்காரர் மகள், அது என் கண்ணில் படவில்லை.

அரைமணி நேரத்தில் வாந்தி. ஒன்றல்ல, நாலு தடவை. அப்புறம் பிள்ளை துவண்டு போனான். ஆட்டோ பிடித்துப் பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டியூட்டியில் இருந்தது சின்னப் பெண், என் மகளை விட இளையவளாக இருக்கும். "வீட்டில் ஏதாவது கொடுத்தீங்களாம்மா?" என்றது. "ஒண்ணும் இல்லை, தாய்ப்பால்தான்" என்றேன். எழுதவே கூசுகிறது, ஆனால் அப்படித்தான் சொன்னேன். மகள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உண்மையைச் சொல்லிவிட்டாள். அந்த டாக்டர் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொண்டாள். மறுநாள் சாயங்காலம் வரை வைத்திருந்து அனுப்பினார்கள்.

திட்டு விழுந்தது வேறு இடத்தில். அடுத்த வாரம், அப்பாவுக்குப் பழக்கமான ஒரு சித்த வைத்தியரைப் பார்க்கப் போனேன். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி, 1964-இல் தொடங்கியது, அங்கே படித்தவர். 'அலோபதிக்காரர்கள் கிடக்கிறார்கள்' என்று ஒரு வார்த்தை சொல்வார், மனசு ஆறும் என்றுதான் போனேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "சுட்டீங்களா?"

"இல்லை."

"அப்போ அது மருந்து இல்லைம்மா, சரக்கு. நீங்க கடைச் சரக்கைப் பிள்ளை வாயில போட்டிருக்கீங்க. உங்க அப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பார்?"

ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு சுத்தி, அதாவது அதன் நச்சுத்தன்மையைப் போக்குகிற பக்குவம் உண்டு, வசம்புக்குச் சுத்தி சுட்டுக் கரியாக்குவதுதான் என்றார். அந்த வாசனை எண்ணெய் எரிந்து போக வேண்டும். சுடாத வசம்பு அளவு மீறினால் பெரியவர்களுக்கே வாந்தி எடுக்கும். கரியாக்கினதும்கூட ஆறு மாதம் வரை உள்ளுக்கு வேண்டாம், தாய்ப்பால் போதும் என்று அவரும் அதே பாட்டைத்தான் பாடினார்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டது: அந்த எண்ணெயில் பீட்டா அசரோன் என்று ஒன்று இருக்கிறது. வசம்பு எண்ணெய் கொடுத்து வளர்த்த எலிகளுக்குக் குடலில் கட்டி வந்ததால், 1968-இலேயே அமெரிக்காவில் உணவுப் பொருள்களில் வசம்பு சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். அமெரிக்காவுக்கே சொந்தமான ரகத்தில் இந்தச் சங்கதி கிடையாது, ஆசிய ரகங்களில்தான் அதிகம் என்பது தனி வேடிக்கை. எலிக்குக் கொடுத்த அளவும் நாக்கில் வைக்கிற பொட்டும் ஒன்றா என்பீர்கள். இல்லைதான். ஆனால் நம் வீடுகளில் பொட்டு ஸ்பூனாகி ரொம்ப நாளாகிறது.

வசம்பே விஷம் என்று நான் சொல்லவில்லை. ஆயுர்வேதத்தில் இதை வசா என்பார்கள், பேச்சுக்கும் புத்திக்கும் மருந்து. சீனர்களும் இதன் பங்காளியான ஒரு கிழங்கைச் சளிக்கும் ஞாபக மறதிக்கும் கொடுக்கிறார்கள். அதெல்லாம் வைத்தியர் அளந்து பெரியவர்களுக்குக் கொடுப்பது. வசம்பு வைத்தால் பிள்ளை சீக்கிரம் பேசும் என்கிறார்களே, என் தம்பிக்கு அம்மா தவறாமல் வைத்தாள். அவன் மூன்று வயசில்தான் வாய் திறந்தான்.

உங்கள் பிள்ளைக்கு வருகிறேன். பால் குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் வர வையுங்கள். இந்த ராத்திரி அழுகை பெரும்பாலும் மூன்று, நாலு மாதத்தில் தானாக அடங்கும். தேன் மட்டும் ஒரு வயசு வரை நாக்கில் காட்டாதீர்கள், அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தைக்கு ஆகாது. வசம்பு வளையல் கட்டியிருந்தால் கழற்றித் தொட்டில் கயிற்றில், கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள், கையில் இருந்தால் வாய்க்குத்தான் போகும். பச்சையாக வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, காய்ச்சல் 100.4-ஐத் தொட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ யார் பேச்சையும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால், தயவுசெய்து என்னை மாதிரிப் பொய் சொல்லாதீர்கள்.

அந்தக் கல். உள்ளங்கை அகலம், கன்னங்கரேல் என்று இருக்கும். ஆச்சி காலத்திலிருந்து உரசி உரசி நடுவில் குழி விழுந்திருக்கும். அம்மா போன பிறகு நகையைப் பிரித்தோம், பாத்திரத்தைப் பிரித்தோம், நான் எதற்கும் வாய் திறக்கவில்லை. கல்லை மட்டும் கேட்டேன். தேடி எடுத்து வைக்கிறேன் மதினி என்றாள் தம்பி பெண்டாட்டி. ஆறு வருஷம் ஆகிறது. பேரன் விஷயம் தெரிந்ததும் போன் பண்ணி, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கொண்டு வந்து தந்திருப்பேனே" என்றாள். போன பொங்கலுக்கு அங்கே போயிருந்தேன். கேஸ் அடுப்பு ஒரு பக்கம் தாழ்ந்து ஆடுகிறது என்று அண்டக் கொடுத்திருக்கிறாள், குழி தரையைப் பார்த்தபடி. அதன் மேல்தான் பால் பொங்கிற்று, நானும் குலவை போட்டுவிட்டு வந்தேன்.