ஐபி கேமராவில் படம் திக்கித் திக்கி ஓடுகிறது, என்விஆரை மாற்றத்தான் வேண்டுமா?

பதிவுப் பெட்டியான என்விஆரை இன்றைக்கு மாற்றாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

"கடையில் எட்டு கேமரா, அதில் சிலது மட்டும் விட்டு விட்டு ஓடுகிறது, போட்டுக் கொடுத்தவர் என்விஆர் போய்விட்டது என்கிறார், ஏமாற்றுகிறாரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை எழுத உட்கார வைத்தது. நான் காங்கேயம் பக்கம் பதினோரு வருஷமாக கேமரா போடுகிறவன். நானும் ஒருத்தரிடம் இப்படிச் சொல்லி, தேவையே இல்லாத ஒரு ஹார்ட் டிஸ்க்கை அவர் தலையில் கட்டியிருக்கிறேன். ஏமாற்றவில்லை, அதுதான் கோளாறு என்று நிஜமாகவே நம்பினேன். காசு கொடுத்தவருக்கு ரெண்டும் ஒன்றுதானே என்பீர்கள். சரிதான்.

ஒரு தேங்காய்க் களத்தில் நடந்தது. எங்கள் பக்கம் தேங்காயை உடைத்துப் பருப்பைக் காயப்போடும் களங்கள் ஊருக்கு ஊர் இருக்கும். லாரி உள்ளே வரும்போது ஒரு எடை, வெளியே போகும்போது ஒரு எடை. எடைமேடைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, களத்தைச் சுற்றி ஆறு என்று மொத்தம் எட்டு 4 மெகாபிக்சல் கேமரா. எட்டும் எடைமேடை ரூமில் இருக்கும் ஒரே பிஓஇ சுவிட்ச்சுக்கு, அதாவது ஒரே கேபிளில் படத்தையும் கரண்டையும் கொண்டுபோகும் இணைப்புப் பெட்டிக்கு, வந்து சேரும். பின்கேட் கேமரா மட்டும் 140 மீட்டர் தூரத்தில். ஈதர்நெட் கேபிளுக்கு 100 மீட்டர்தான் கணக்கு என்பது எனக்கும் தெரியும், யாரும் பாடம் எடுக்க வர வேண்டாம். இந்த மாதிரி சின்ன பிஓஇ சுவிட்ச்சுகள் பலவற்றில் முகப்பிலேயே 'எக்ஸ்டெண்ட்' என்று, நகத்தால் தள்ளுகிற அளவுக்கு ஒரு குட்டிப் பொத்தான் இருக்கும். தள்ளினால் 250 மீட்டர் வரைக்கும் போகும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருப்பார்கள். தள்ளினேன், கேட் படம் வந்தது, காசை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒன்றரை வருஷம் ஒரு போன் இல்லை. அப்புறம் ஒரே வாரத்தில் ரெண்டு காரியம் நடந்தது. லாரி நம்பர் பிளேட் தெளிவாகத் தெரியவில்லை என்று முதலாளி சொன்னதால், எடைமேடைக் கேமரா ரெண்டையும் வினாடிக்கு 25 ஃபிரேம் (படம்), 8 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 8 மெகாபிட் டேட்டா) என்று ஏற்றிவிட்டேன். அதற்கு முன் எச்.265 என்ற படச் சுருக்க முறையில் 3 எம்பிபிஎஸ் சுற்றித்தான் ஓடிக்கொண்டிருந்தன. அதே வாரம் எடை சாஃப்ட்வேர் ஆள் ஒருத்தர் வந்து, எடைச்சீட்டில் லாரிப் படம் விழுவதற்காக அதே ரெண்டு கேமராவிலிருந்தும் நேராகக் கம்ப்யூட்டருக்குப் படம் இழுக்கும்படி செய்து வைத்தார். அவருடைய சாஃப்ட்வேருக்கு எச்.265 ஆகாதாம், பழைய முறையான எச்.264-க்கு மாற்றச் சொன்னார். போனிலேயே சரி சரி என்று மாற்றிக் கொடுத்தேன்.

மூணாம் நாள் முதலாளி கூப்பிட்டார். "ஏங்கண்ணு, லாரி கேட்டுகிட்ட நிக்குது, கண்ணை மூடித் தொறந்தா மேடை மேல மொளைக்குது. நடுவுல வந்தது எங்க போச்சு?"

போய்ப் பார்த்தேன். வினாடிக்கு நாலைந்து ஃபிரேம்தான் வருகிறது, பதிவிலும் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. பதிவில் ஓட்டை என்றதும் என் புத்தி நேராக ஹார்ட் டிஸ்க்குக்குப் போனது. பழைய 2 டிபியைக் கழற்றி, புதுசாக 4 டிபி போட்டேன். மறுநாளும் அதே கதை. அப்புறம்தான் "என்விஆர் வீக்காயிருச்சுங்ணா" என்று, உங்கள் ஆள் சொன்ன அதே வசனத்தை நானும் சொன்னேன்.

இதில் எனக்கே வெட்கமான விஷயம் ஒன்று. திக்கியது எட்டில் ரெண்டு மட்டும். ஹார்ட் டிஸ்க் இழுத்தால் எட்டும் சேர்ந்துதான் இழுக்கும், ரெண்டை மட்டும் பொறுக்கி இழுக்காது. முதலாளி இன்னொன்றும் சொன்னார், "ராத்திரியில நல்லாத்தான் ஓடுது கண்ணு." அதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வழக்கமாக ராத்திரியில்தான் ஃபிரேம் குறையும். வெளிச்சம் பத்தாதபோது கேமரா ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். ஷட்டர் 1/12 வினாடிக்கு இறங்கிவிட்டால், அமைப்பில் 25 என்று எழுதியிருந்தாலும் 12 படத்துக்கு மேல் அதனால் எடுக்க முடியாது. இங்கே தலைகீழாக, பகலில் கெட்டு ராத்திரியில் நன்றாக இருக்கிறது. எடைமேடை ஆபீஸ் சாயங்காலம் ஆறு மணிக்குக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போகிறது. இந்த ரெண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு நாலு நாள் ஆனது. யோசித்ததும் நானில்லை.

என்கூட வேலைக்கு வந்து ஏழு மாசம் ஆன பையன், சும்மா இருக்காமல் என் லேப்டாப்பைச் சுவிட்ச்சின் ஒரு போர்ட்டில் செருகிவிட்டு, நெட்வொர்க் வேகத்தைப் பார்த்திருக்கிறான். "அண்ணா, இதுல 100 வரணுமில்ல? 10-னு காட்டுதுங்ணா."

எக்ஸ்டெண்ட் பொத்தான் தூரத்தைச் சும்மா கூட்டித் தருவதில்லை. 100 எம்பிபிஎஸ் போர்ட்டை 10-க்கு இறக்கித்தான் தூரத்தைத் தருகிறது. அந்த மாடலில் ஒரு போர்ட்டுக்கு மட்டும் என்று இல்லை, பொத்தானைத் தள்ளினால் எட்டுப் போர்ட்டும் 10. களத்துக் கேமரா ஒவ்வொன்றும் 4 எம்பிபிஎஸ், அதனால் தப்பித்துக்கொண்டன. எடைமேடைக் கேமரா என்விஆருக்கு ஒரு 8, கம்ப்யூட்டருக்கு இன்னொரு 8 என்று 16 அனுப்ப வேண்டும், அதற்கு இருக்கும் வழியோ 10. கம்ப்யூட்டரை அணைத்ததும் 8 மட்டும்தான், தாராளமாகப் போகும். ராத்திரியில் நன்றாக ஓடிய ரகசியம் இவ்வளவுதான்.

பொத்தானைப் பழையபடி தள்ளியதும் எடைமேடையில் லாரி வழுக்கிக்கொண்டு வந்தது, பின்கேட் கேமரா செத்தது. எதிர்பார்த்ததுதான். பாதி வழியில் கம்பத்தில் ஒரு டப்பா அடித்து, அதற்குள் பிஓஇ எக்ஸ்டெண்டர் வைத்து, கேபிளை எழுபது எழுபதாகப் பிரித்தேன். சுவிட்ச்சிலிருந்து வரும் கரண்டிலேயே அது ஓடிவிடும், தனி லைன் வேண்டாம். இதை முதல் நாளே செய்திருக்கலாம். எக்ஸ்டெண்டருக்கும் கூலிக்கும் காசு வாங்கவில்லை. ஹார்ட் டிஸ்க்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன். "இருக்கட்டும், நாலு நாள் சேர்ந்து பதிவாகட்டும்" என்றார். எட்டும் சேர்ந்து 40 எம்பிபிஎஸ், ஒரு நாளைக்கு 430 ஜிபி சுமாருக்கு எழுதும், பழைய 2 டிபியில் நாலரை நாள்தான், 4 டிபியில் ஒன்பது நாள் நிற்கும். அவர் கணக்கும் சரியாகத்தான் இருந்தது.

விலான் போட்டு நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரித்திருக்கலாமே, தூரத்திலிருந்தே பார்த்து மாற்றக்கூடிய மேனேஜ்டு சுவிட்ச் போட்டிருக்கலாமே என்று ஐடி நண்பர்கள் கேட்பீர்கள். போர்ட் 10-இல் நிற்கும்போது எந்த விலானும் அதை 16 ஆக்காது. மேனேஜ்டு சுவிட்ச் இருந்திருந்தால் அந்த 10-ஐ ஆபீசில் உட்கார்ந்தே பார்த்திருப்பேன், அதை ஒத்துக்கொள்கிறேன். தேங்காய்க் களத்தில் அதற்குக் கொட்டேஷன் போட்டுப் பாருங்கள், தெரியும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சிலது மட்டும் திக்குகிறது என்பதால் எனக்கு என்விஆர் மேல் சந்தேகம் இல்லை. திக்கும் கேமராவின் கேபிளை எடுத்து, நன்றாக ஓடும் கேமராவின் போர்ட்டில் செருகிப் பாருங்கள். திக்கல் கூடவே வந்தால் கேபிளோ கேமராவோ, போர்ட்டோடு நின்றுவிட்டால் சுவிட்ச். எக்ஸ்டெண்ட் பொத்தான் தள்ளாமல் இருந்தால்தான் இந்தச் சோதனை செல்லும்; என் கதை மாதிரி எல்லாப் போர்ட்டும் 10-இல் நின்றால் எங்கே மாற்றினாலும் திக்கல் கூடவே வரும். கேபிள் என்றால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுச் சரக்கா என்று ஒரு முனையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். நீளமான ஓட்டத்தில் அதில் கரண்ட் வழியிலேயே இறங்கிவிடும், ராத்திரி ஐஆர் விளக்கு (இருட்டில் பார்க்கக் கேமராவிலேயே இருப்பது) எரிந்ததும் கேமரா அணைந்து அணைந்து வரும். எட்டும் கட்டம் கட்டமாகத் தெரியும் திரையில் மட்டும் திக்குகிறது, ஒன்றைப் பெரிதாக்கினால் நன்றாக ஓடுகிறது என்றால் அது கோளாறே இல்லை. கட்டத்தில் காட்டுவது சப் ஸ்ட்ரீம், அதாவது தரம் குறைத்த இரண்டாவது படம், அதைக் குறைந்த ஃபிரேமில்தான் வைத்திருப்பார்கள். டபிள்யூடிஆர் (வெயிலும் நிழலும் சேர்ந்து தெரியவைக்கும் வசதி) போட்டதும் ஃபிரேம் குறைகிற கேமராக்களும் உண்டு, அணைத்து ஒரு தடவை பாருங்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள், கோபப்படாமல். பொருத்தும்போது "ஒரு மாசம் பதிவு நிக்கணும்" என்று கேட்டீர்களா? கேட்டுவிட்டு 1 டிபிதான் வாங்கினீர்களா? எட்டு கேமராவை முப்பது நாளைக்கு அதற்குள் அடக்கினால் ஒரு கேமராவுக்கு 0.4 எம்பிபிஎஸ்கூடத் தேறாது. பொருத்தியவர் 6 ஃபிரேமுக்கு இறக்கித்தான் ஆகவேண்டும். இறக்கினால் திக்குதென்று திட்டு, ஏற்றினால் மூணு நாளில் அழிந்துவிட்டதென்று திட்டு. சொல்லப்போனால், கடையில் சாதாரணமாக ஆள் நடமாட்டம் பார்க்க 12, 15 ஃபிரேமே போதும். கல்லாப்பெட்டிக்கு மட்டும் 20, 25 வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தோடு பாஸ்வேர்டு பஞ்சாயத்து வேறு. நானே கார்டில் எழுதி, என்விஆர் மேலேயே ஒட்டிவிட்டு வருவேன். வெள்ளையடிக்கும்போது கிழித்துவிட்டு, தீபாவளி ராத்திரி பதினொன்றரைக்குப் போன் போட்டு "நீதானே வெச்ச, ஞாபகமில்லையா?" என்பார்கள். முந்நூறு இடத்துப் பாஸ்வேர்டை மனப்பாடம் பண்ண நான் என்ன கோயில் ஓதுவாரா? அதையும் ஓசியில் ரீசெட் பண்ண வேண்டும், பலகாரமாவது கொடுத்தால் பரவாயில்லை.

உங்கள் சுவிட்ச்சின் முகப்பை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். பொத்தான் எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்பது தெரிகிற மாதிரி எடுங்கள், தூசியைத் துடைத்துவிட்டு.